வெறுந்தறிச் சத்தம்

1

எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் மணியை அடிக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் வேறு யாரோ அடித்த பிறகு இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். படித்தது எட்டாவது வரை.

காஞ்சிபுரத்தை விட்டுச் சிங்கப்பூர் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இங்கிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் கட்டடங்களின் உயரத்தையும் தெருவின் சுத்தத்தையும் எழுதுவார்கள். எங்கள் வீடும் உயரத்தில்தான் இருக்கிறது, ஒன்பதாவது மாடி. நடைபாதையைத் தினமும் கூட்டிக் கழுவுகிறார்கள். ஆனால் நான் சொல்லப்போவது அந்தச் சுத்தமான கட்டடத்துக்குள் எங்கள் வீட்டில் நடந்த ஓர் அசிங்கத்தை.

என் மகள் வசந்திக்கு இருபது வயது. ரேடியோவுக்கான சின்னச் சின்னப் பாகங்களைச் செய்கிற தொழிற்சாலையில் வேலை. இளநீலச் சட்டை, இளநீலப் பாவாடை, காலுறை, வெள்ளைக் காலணி, அதுதான் அவர்கள் சீருடை. இந்த ஆனி மாதம் முழுக்க அவள் வேலைக்குப் போகவில்லை. ஆனாலும் சீருடை போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டாள் என்பதுகூடப் பொய். என் மாமியார் போட்டுவிட்டார். காலையில் எழுப்பி உட்கார வைத்து, பொம்மைக்குப் போடுவது போலக் கையைத் தூக்கச் சொல்லிச் சட்டையை மாட்டி, தலை வாரி, பொட்டு வைத்து அனுப்புவார். என் வீட்டுக்காரர் அவளை லிஃப்டில் கூட்டிக்கொண்டு இறங்குவார். லிஃப்டில் நாலாவது மாடிக்காரர்கள், ஆறாவது மாடிக்காரர்கள் எல்லாரும் ஏறுவார்கள். "வேலைக்கா?" என்பார்கள். "ஆமா, வேலைக்குத்தான்," என்று இவர் சிரிப்பார்.

பிறகு சிராங்கூன் ரோட்டில் தெரிந்தவர் ஒருவருடைய மசாலா அரைக்கும் கடையில், பின்கட்டில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் அவளை உட்கார வைத்துவிட்டு, துறைமுகக் கிடங்கு வேலைக்குப் போய்விடுவார். தொழிற்சாலை விடுகிற நேரத்துக்குத் திரும்ப அழைத்துக்கொண்டு வருவார். கண் சிவந்து, தும்மிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வந்து அவள் கட்டில் ஓரத்தில் உட்காருவாள்.

எழுந்திருக்கவே முடியாத நாட்களும் உண்டு. அன்றைக்கு ரேடியோவைப் பெரிதாக வைத்துவிடுவார் மாமியார். உள்ளே ஒரு பெண் அழுவது வெளியே கேட்கக் கூடாது.

2

வசந்திக்கு இது எப்படி வந்தது என்று கேட்டால் என்னால் ஒரு நாளைக் காட்டிச் சொல்ல முடியாது.

சிங்கப்பூர் வந்தபோது அவளுக்கு எட்டு வயதுக்கு மேல். இங்கிலீஷ் தெரியாது என்று தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். பெஞ்சு சின்னது, இவள் கால் நீளம். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டு வருஷத்தில் இங்கிலீஷ் நன்றாக வந்துவிட்டது. தமிழ் அந்த அளவுக்குக் குறைந்தது. என்னிடம் பேசும்போது நடுவில் நின்று வார்த்தை தேடுவாள். கிடைக்காவிட்டால், "இட்ஸ் ஓக்கேமா, ஒண்ணுமில்ல," என்று விட்டுவிடுவாள். அப்படி விட்டுப்போன பேச்சு எவ்வளவோ.

பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையில் தேறவில்லை. மறு பரீட்சை எழுதுகிறேன் என்றாள். "பொம்பளப் பிள்ளைக்கு அவ்ளோ போதும்," என்று தொழிற்சாலையில் சேர்த்தார்கள். அங்கே பூதக்கண்ணாடிக்குள் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்ட வேண்டும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. தூக்கம் கெட்டது. நடுவில் ஊரிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் இவளைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு, "பொண்ணு கொஞ்சம் நெறம் கம்மியா இருக்குது," என்று அவள் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் ஒரு காலில் மட்டும் காலுறை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தேன். அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு காலுறை கையில் இருந்தது.

"இன்னாமா வசந்தி, நேரமாவலியா?"

"முடியல," என்றாள்.

"எங்க வலிக்குது?"

யோசித்தாள். "தெரியல. எல்லாம் தூரமா இருக்குது."

இதே பேச்சை நான் முன்பே ஒருவனிடம் கேட்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு ஜன்னலில் சீட்டு, இன்னொரு ஜன்னலில் அட்டை, மூன்றாவது ஜன்னலில் "இங்கே இல்லை, அங்கே" என்று விரலைக் காட்டினார்கள். கடைசியில் ஒரு சீனப் பெண் டாக்டர். என் வயதுதான் இருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். கேள்விகளுக்கெல்லாம் என் வீட்டுக்காரரே இங்கிலீஷில் பதில் சொன்னார். ஒன்று மட்டும் எனக்கே புரிந்தது. 'ஃபேமிலி' என்று அந்த அம்மா கேட்டார். இவர் பெருமையாக, "நோ, நோ. குட் ஃபேமிலி," என்றார்.

தொழிற்சாலைக்குக் காட்ட டாக்டர் சீட்டு வேண்டும். அந்த அம்மா பேனாவை எடுத்ததும் இவர் மேசை மேல் குனிந்து, "டாக்டர், ரைட் ஃபீவர். ப்ளீஸ். ஃபீவர்," என்று கெஞ்சினார்.

காய்ச்சல் என்று எழுதச் சொல்கிறார். என் தம்பி ஏகாம்பரத்துக்கும் இதே வார்த்தையைத்தான் போட்டு மூடினார்கள்.

டாக்டர் அப்படி எழுதவில்லை. உடல்நலமில்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் இவர், "எழுதினா கொறஞ்சா பூடுவா இந்தம்மா?" என்று முணுமுணுத்தார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

3

ஏகாம்பரம் எனக்கு நாலு வயது இளையவன். எங்கள் வீடும் நான் வாழ்க்கைப்பட்ட வீடும் ஒரே தெருவில், பக்கத்துப் பக்கத்தில். என் மாமியார் எனக்குச் சொந்த அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. என் வீட்டுக்காரர் அத்தை மகன். எங்களில் இப்படித்தான் செய்வார்கள். வெளியே பெண் கொடுத்தால் எந்தக் குடும்பம், என்ன நோய் என்று தெரியாதாம். சொந்தத்தில் கொடுத்தால் எல்லாம் தெரிந்ததாம்.

அத்தைக்கு ஒரு மகளும் உண்டு, சரோஜா. அவள் பிறந்த அன்றைக்கே, "இது ஏகாம்பரத்துக்கு," என்று அத்தை சொல்லியிருக்கிறார். ஏகாம்பரம் அரை டிராயர் போட்ட காலத்திலிருந்தே தெருவில் அவனைக் கேலி செய்வார்கள். "டேய் ஏகாம்பரம், உன் பொண்டாட்டி மூக்கு ஒழுகிக்கினு நிக்குதுடா, போய்த் தொடச்சி வுடு." அவனும் சிரித்துக்கொண்டே போய்த் துடைத்துவிடுவான்.

அறுபத்தைந்து வாக்கில் எங்கள் அம்மா போய்விட்டாள். அந்த வருஷமே சரோஜாவுக்கு மெட்ராஸில் சர்க்கார் வேலையில் இருக்கிற மாப்பிள்ளை கிடைத்தது. அத்தை இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் தட்டு மாற்றிக்கொண்டார்கள். ஏகாம்பரத்திடம் யாரும் சொல்லவில்லை. நிச்சயதார்த்தத்துக்குப் பாய் கேட்டு வந்த பையன் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. பாயை எடுத்துக் கொடுத்தான். பிறகு போய்த் தறியில் உட்கார்ந்தான்.

எங்கள் தறிகள் தரையில் குழி வெட்டிப் போட்டவை. குழிக்குள் காலை விட்டு, விளிம்பில் உட்கார்ந்து நெய்ய வேண்டும். ஏகாம்பரம் காலைக் குழிக்குள் தொங்கவிட்டுக்கொண்டு உட்காருவான். குறுக்கு நூலை ஊடே எறிகிற நாடாவைக் கையில் எடுப்பான். எடுத்தவன் எறிய மாட்டான். முதல் வாரம் அரைகுறையாக நெய்தான். பிறகு அதுவும் நின்றது. சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

நான் போய், "இன்னாடா உனக்கு? எங்க வலிக்குது?" என்று கேட்டேன்.

"வலிக்கலக்கா. வலிச்சாப் பரவாயில்லியே. நீ பேசறது எங்கியோ தூரத்துல கேக்குது," என்றான்.

அப்போது எனக்கு அது விளங்கவில்லை. சோம்பேறி என்றார்கள். பெண் கிடைக்காத ஏக்கம், இன்னொரு பெண்ணைக் கட்டினால் சரியாகும் என்றார்கள். காற்று சேஷ்டை என்று மந்திரிக்கிறவரைக் கூட்டி வந்து வேப்பிலையால் அடித்தார்கள். அடித்த இடத்தில் தழும்பு பட்டது. அவன் 'உஸ்' என்றுகூடச் சொல்லவில்லை. அடித்தவர், "பாத்தீங்களா, அவனா இருந்தா வலிச்சிருக்கும்ல? உள்ள இருக்கறது வேற," என்றார். அதைக் கேட்டுத் தலையை ஆட்டியவர்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள்.

4

காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருவில் இருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே வீட்டுக்கு வீடு தறிச் சத்தம்தான். யார் வேலை செய்கிறார்கள், யார் செய்யவில்லை என்று யாரையும் எட்டிப் பார்க்க வேண்டாம். நடந்து போகும்போதே காது சொல்லிவிடும். ஒரு வீட்டில் இரண்டு நாள் சத்தம் இல்லை என்றால், "இன்னா, ஒடம்பு சரியில்லியா?" என்ற கேள்வி வாசலுக்கு வரும்.

சரோஜா கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் இரண்டொரு முறை வந்து போக இருந்தார்கள். பெண்ணின் மாமன் மகனுக்குப் புத்தி சரியில்லை என்று தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று அத்தைக்குப் பயம். ஏகாம்பரத்தைத் தறியிலிருந்து எழுப்பிக் கொல்லைப்பக்கத்து அறையில் படுக்க வைத்தார்.

பிறகு அத்தை செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அவன் தறியில் நீளவாக்கில் ஓடிய பாவு நூலை அறுத்து எடுத்து வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். நூல் ஒன்றும் இல்லாத வெறும் தறி. காலையில் அத்தை அதில் போய் உட்காருவார். குறுக்கு நூலான ஊடையை அடித்துச் சேர்க்கிற பலகையை இழுத்து இழுத்து விடுவார். டக், டக், டக். காலால் மிதியை மாற்றி மாற்றி மிதிப்பார். துணி இல்லை, நூல் இல்லை, சத்தம் மட்டும். மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றைக்கு அவர்கள் எழுந்து போகிற வரைக்கும் பக்கத்தில் எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் ஓயவில்லை. அத்தை வந்தவர்களோடு இருக்க வேண்டியிருந்ததால் அன்றைக்கு மட்டும் பலகையை இழுத்தது எங்கள் அப்பா. "உங்க அண்ணன் மகன் நல்லா ஒழைக்கறாம் போல," என்று மாப்பிள்ளையின் தகப்பனார் சொன்னார். "ஆமாங்க, எறங்கினா எழுந்திரிக்கவே மாட்டான்," என்றார் அத்தை.

சரோஜா கல்யாணம் நன்றாக நடந்தது.

அந்த ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று ஏகாம்பரம் இறந்துபோனான். காய்ச்சலில் போனான் என்று ஊருக்குச் சொன்னார்கள். காய்ச்சல் வந்தது உண்மைதான். மாதக்கணக்கில் சோறு இறங்காதவனுக்கு வந்த காய்ச்சல். அந்த முதல் பாதியை யாரும் சொல்லவில்லை. சாப்பிடாமல் செத்தவன் வீட்டுக்குக் கோயிலிலிருந்து ஒரு சொம்பு கூழ் அனுப்பியிருந்தார்கள். அதை வாங்கி மூடி வைத்தார்கள்.

கல்யாணம் ஆகாதவன் என்பதால் திதி கிடையாது என்றார்கள். ஆக, நினைப்பதற்கென்று ஒரு நாளும் இல்லாமல் போயிற்று. ஆடியில் எங்காவது கூழ் என்று கேட்டால் எனக்கு அவன் நாள்.

சிங்கப்பூர் புறப்பட்டபோது தெருவில் சொல்லிக்கொள்ளப் போனேன். எதிர் வீட்டு நாகம்மா வெற்றிலையைக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க அத்தைக்கு இப்போ கை எப்படிக்கீது?"

"கைக்கு இன்னா?"

"இன்னாவா? எத்தினி நாளு வெறுந்தறிய இழுத்துக்கினு இருந்துது, பாவம். வீங்கிப் போயிருக்குமேன்னு கேட்டேன்."

அவள் குரலைத் தாழ்த்தி, "இதுகூடவா தெரியாதுமா எங்களுக்கு? ஊடை வுழற தறிக்கு ஒரு சத்தம், வெறுந்தறிக்கு ஒரு சத்தம். எங்க வூட்டுக் கைக்கொழந்த கூட சொல்லும்," என்றாள்.

தெரு முழுக்க நெசவாளர்கள். அவர்களை ஏமாற்ற வெறும் தறியை அடித்தார்கள். ஏமாந்தவர்கள் மெட்ராஸ் மாப்பிள்ளை வீட்டார் மட்டும்தான். தெருவுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒருவராவது வாசலுக்கு வந்து, "பையனுக்கு இன்னா?" என்று கேட்கவில்லை. கேட்டால் அத்தைக்குச் சங்கடமாக இருக்குமாம். மரியாதைக்காகப் பேசாமல் இருந்தார்களாம். அந்த மரியாதையைத் தூக்கிப் பாலாற்று மணலில் புதைக்க வேண்டும்.

5

வசந்தியை முதல் முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்த அன்றைக்கே அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். இப்போது அவர் எங்களோடுதான் இருக்கிறார்.

"இது ரத்தம். ஏகாம்பரத்துக்கு வந்தது இவளுக்கு வந்துக்கீது. நாம இன்னா பண்ண முடியும்?"

என் வீட்டுக்காரர், "அம்மா, மெதுவா," என்றார்.

"எங்க அண்ணன் ரத்தம் இல்லடா. எங்க அண்ணி தென்னேரியிலிருந்து கொண்டாந்த ரத்தம். எங்க பொறந்த வூட்ல யாருக்குக்கீது இந்தச் சீக்கு?"

இப்படிச் சொல்வதில் எவ்வளவு சௌகரியம் பாருங்கள். ரத்தம் என்று சொல்லிவிட்டால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த அன்று வாக்குக் கொடுத்து, வளர்ந்த பிறகு சொல்லாமல் மாற்றிக்கொண்டதற்குப் பதில் சொல்ல வேண்டாம். வேப்பிலை அடிக்கும் பதில் வேண்டாம். ஒரு பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நிறம் கம்மி என்றதற்கும் பதில் வேண்டாம்.

நான் அத்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மாமனார் இறந்த பிறகு ஒரு வருஷம் இதே அத்தை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தலை வாரவில்லை, சமைக்கவில்லை, யார் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. நான்தான் ஊட்டிவிட்டேன். "துக்கம் காக்கறா, எவ்ளோ பத்தினி," என்று ஊர் புகழ்ந்தது. விதவை படுத்திருந்தால் பத்தினி. பிள்ளை படுத்திருந்தால் சோம்பேறி. பெண் படுத்திருந்தால் தென்னேரி ரத்தம். எனக்கு இதையெல்லாம் சொல்ல வாய் வரவில்லை. என் கூச்சம் அப்பாவிடமிருந்து வந்தது. அதுவும் ரத்தம்தான்.

மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் வசந்தி உட்கார்ந்திருந்த பகல்களில் சமையற்கட்டில் நின்று நானாக யோசித்துப் பார்த்தேன். ஏகாம்பரமும் நானும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அம்மா செத்தது இரண்டு பேருக்கும்தான். நான் அழுதேன், எழுந்தேன், இட்லிக்கு அரைத்தேன். அவன் எழுந்திருக்கவில்லை. அப்படியானால் ரத்தம் மட்டும் என்று எப்படிச் சொல்வது? சரி, அடி மட்டும்தானா? எங்கள் தெருவில் முறைப்பெண் கைமாறிப்போன பையன்கள் எத்தனையோ பேர். ஒரு வாரம் தாடி வைத்துக்கொண்டார்கள், பிறகு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளை பெற்றார்கள். அடி மட்டும் என்றால் அவர்களும் படுத்திருக்க வேண்டுமே. நெசவு வீட்டில் பிறந்தவள் என்பதால் பாவு, ஊடை என்று உவமை சொல்ல நாக்கு வருகிறது. சொல்ல மாட்டேன். நூலுக்கு வலிக்காது.

6

இரண்டாவது முறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் என் வீட்டுக்காரருக்குக் கிடங்கில் விடுப்புக் கிடைக்கவில்லை. நானும் வசந்தியும் மட்டும் போனோம். புறப்படும்போது அவர், "கேட்டா யாருக்கும் இல்லன்னு சொல்லிடு. நாளைக்கு இவளுக்கு ஒரு வரன் வரணும்," என்றார். அது ஆடி பிறந்த வாரம்.

டாக்டர் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குப் புரியாது. நடுவில் வசந்திதான். நோயாளியே மொழிபெயர்க்க வேண்டிய நிலைமை. தன் உடம்பைப் பற்றிக் கேட்பதை யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வது போல எனக்குச் சொல்வாள். என் பதிலை அவருக்குச் சொல்வாள்.

"எப்பலேர்ந்து சாப்பிடலன்னு கேக்கறாங்கம்மா."

"வைகாசியிலேர்ந்து சரியா சாப்பிடலன்னு சொல்லு."

அந்த அம்மா எழுதிக்கொண்டே வந்தவர், பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். வசந்தி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"டாக்டர் மறுபடியும் கேக்கறாங்க. நம்ப ஃபேமிலியில யாருக்காச்சும் இப்டி இருந்துச்சான்னு. அப்பா இல்லன்னுட்டாரு. ஆனா உங்களக் கேக்கணுமாம்."

டாக்டரிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அதை வசந்தியிடம் சொல்ல வேண்டும். வேறு வழி இல்லை. அவளுக்கு ஏகாம்பரம் மாமா என்றால் காய்ச்சலில் செத்த ஒருவர், அவ்வளவுதான். இவளிடம் சொன்னால், "எனக்கும் அதுதானா?" என்று இடிந்துபோவாளோ? அவன் முடிந்த மாதிரிதான் தானும் முடிவோம் என்று நினைத்துவிடுவாளோ? சொல்லாவிட்டால், இந்த அம்மா கையில் பாதிக் கதையோடு மருந்து கொடுப்பார். பாதிக் கதைக்கு எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவனைக் கொடுத்தாயிற்று.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க மாமாவுக்கு இருந்துது," என்றேன். "ஏகாம்பரத்துக்கு."

வசந்தி நிமிர்ந்தாள். பல நாட்களுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அவருக்கு ஃபீவர்தான?"

"கடசீல வந்ததுதான் ஃபீவர்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா செத்தது, சரோஜா, பாய், நாடாவை எடுத்து எறியாமல் உட்கார்ந்திருந்தது, வேப்பிலை, வெறும் தறி. எனக்கு அவ்வளவு பேச வரும் என்று எனக்கே தெரியாது. டாக்டர் குறுக்கிடவில்லை. ஒரு வார்த்தை புரியாமல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். தூரத்தில் கேட்கிறது என்று அவன் சொன்னதைச் சொன்னபோது வசந்தி என் கையைப் பிடித்தாள்.

"அவரு அப்டியா சொன்னாரு? தூரம்னு?"

"அதேதான். நீ சொன்ன அதே வார்த்த."

"அவரு ஒக்காந்துனு இருக்கும்போது யாராச்சும் பக்கத்துல ஒக்காந்தாங்களா அம்மா?"

"இல்லமா. சத்தம் போடறதுக்குத்தான் ஆள் இருந்துது."

அவள் டாக்டர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தாள். நடுநடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிறைய நேரம் சொன்னாள். வெறும் தறி வந்த இடத்தில் கையை நீட்டி இழுத்துக் காட்டினாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அவர் முதலில் கேட்டது தம்பியின் பெயர் என்ன என்பது. வசந்தி சொன்னாள். அந்த அம்மா, "ஏகா... பரம்," என்று தப்பும் தவறுமாகச் சொல்லிப் பார்த்து எழுதிக்கொண்டார். பத்து வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டில் பழி சொல்ல மட்டுமே எடுத்த பெயர்.

அத்தை சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததையும் சொன்னேன். ஒரு பக்கம் மட்டும் எழுதிக்கொள்ளக் கூடாது, எங்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே பக்கம்தான் என்றேன். நான் அத்தை மகனைக் கட்டியவள் என்று வசந்தி விளக்கியபோது டாக்டர் விரல்களைக் கோத்துக் காட்டி, 'இப்படியா?' என்பது போலப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

பிறகு நான் கேட்டேன், ரத்தமா, அடியா என்று. வசந்தி கேட்டு, கேட்டு, நிறுத்தி, வார்த்தை தேடிச் சொன்னாள். இந்த முறை பாதியில் விடவில்லை.

"ரெண்டும்தானாம்மா. சில பேருக்குப் பொறக்கும்போதே சீக்கிரம் தொட்டுக்கற மாதிரி இருக்குமாம். ஆனா அது இருக்கற எல்லாருக்கும் வராதாம். மேல மேல கஷ்டம் வந்தா, அதுவும் இந்த வயசுல வந்தா, வர்றதுக்கு ஈஸியாம். ஒண்ணும் நடக்காமயே வர்றவங்களும் இருக்காங்களாம். முழுசா இன்னும் யாருக்கும் தெரியலன்னு சொல்றாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மாமாவுக்கு வந்ததால எனக்கும் அப்டியே முடியும்னு இல்லியாம். மாமாவுக்கு யாரும் மருந்து குடுக்கல. எனக்குக் குடுப்பாங்களாம்."

"கடையில ஒக்கார வெக்கறத சொன்னியா?"

"சொல்லட்டா?"

"சொல்லு. மொளகா மூட்டையையும் சொல்லு."

சொன்னாள். அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குத் திருப்தியாக இருந்தது. அருவருப்பு எனக்கு மட்டும் வருகிற வியாதி இல்லை என்று தெரிந்தது.

7

மறுநாள் காலையில் அத்தை வழக்கம் போல ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காய்ந்த சீருடையை உருவி எடுத்துக்கொண்டு வந்தார்.

"எழுந்திரு வசந்தி. லிஃப்ட்ல கூட்டம் வர நேரமாச்சு."

நான் அந்தச் சட்டையை அவர் கையிலிருந்து வாங்கி மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இன்னா பண்றே நீ?" என்றார்.

"அவ இன்னிக்கு வூட்லதான் இருப்பா, மாமா. அவளுக்குச் சீக்கு. வேல இல்லாத நாள்ல எதுக்கு வேஷம்?"

"கீழ கேட்டா இன்னா சொல்றது?"

"எம்பொண்ணுக்கு மனசு சரியில்ல, வூட்ல கீறான்னு சொல்லுங்க. சொல்ல வரலன்னா ஒண்ணும் சொல்லாதீங்க. காச்சல்னு மட்டும் சொல்லாதீங்க."

அவர் அத்தையைப் பார்த்தார். பிறகு தனியாகப் போய் லிஃப்டுக்கு நின்றார். கீழே என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது. எனக்கு அவர் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

வசந்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழ ஆரம்பித்தாள். சத்தமாகத்தான் அழுதாள். மருந்து வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கட்டிலில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அத்தை விறுவிறுவென்று கூடத்துக்குப் போய் ரேடியோவைத் திருகினார். யாரோ உற்சாகமாகப் பாடினார்கள். நான் எழுந்து போய் நிறுத்தினேன். அவர் மறுபடியும் கையை நீட்டினார். ரேடியோ மேல் என் கையை வைத்துக்கொண்டேன்.

"அக்கம்பக்கத்துல கேட்டா இன்னாடி நெனப்பாங்க?"

"கேக்கட்டும் அத்தே."

"மானம் போவும்டி!"

"அன்னிக்கே கேட்டுக்கினுதான் இருந்தாங்க. தெரு முச்சூடும் கேட்டுது. வெறுந்தறின்னு அத்தினி பேருக்கும் தெரியும். உங்க கை வீங்கியிருக்குமேன்னு எதிர் வூட்டு நாகம்மா என்னக் கேட்டா."

அத்தை நீட்டிய கையை மெதுவாக மடக்கி, மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அது அப்போதுதான் வலித்தது போல இருந்தது.

உள்ளே வசந்தி அழுதுகொண்டிருந்தாள். நான் போய் ஜன்னல் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.